கடையநல்லூர் மீ குவாவும் நம்ம ஊர்ச் சாப்பாடுதான்

திருநெல்வேலிப் பக்கம் வந்தால் என்ன சாப்பிடலாம் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அல்வா, சொதிச் சாப்பாடு, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். மூன்றுமே அருமையானவை, எனக்கும் உயிர். ஆனால் இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். மீ குவா. ஆட்டெலும்புக் குழம்பில் நூடுல்ஸைப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மூக்கில் காரம் ஏற ஏறச் சாப்பிடுகிற சமாச்சாரம். இதைப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதவில்லை. நம்ம கடையநல்லூரில் சாப்பிட்டேன்.

மதுரை ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் தகரக் கூரை போட்ட கடை. இரண்டு பெஞ்ச், ஒரு தண்ணீர் டிரம், போர்டு கூடக் கிடையாது. பகலில் டீயும் வடையும் ஓடும், சாயங்காலம் அடுப்பில் வேறு சட்டி ஏறிவிடும். சாரல் கடையநல்லூர் வரைக்கும் வந்து நனைத்துக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதச் சாயங்காலம் அங்கே ஒதுங்கி டீ கேட்டேன். "டீ முடிஞ்சிட்டு தம்பி. மீ போடட்டா? தண்ணியா வேணுமா, கட்டியா வேணுமா?" என்றார் பாய். எழுபது வயது இருக்கும். நூடுல்ஸைத்தான் சொல்கிறார் என்பது சட்டியைப் பார்த்ததும் தெரிந்தது. சரி, சோயா சாஸும் மிளகாய் சாஸும் ஊற்றி டங் டங் என்று கரண்டியால் தட்டிக் கொடுக்கிற தள்ளுவண்டி நூடுல்ஸ்தான் வரப்போகிறது, மழைக்குச் சூடாக இருந்தால் போதும் என்று தலையாட்டினேன்.

ஆனால் அவர் ஒரு சாஸ் பாட்டிலைக்கூடத் தொடவில்லை. ஊறவைத்து அரைத்த மிளகாய் வத்தல் விழுதை எண்ணெயில் போட்டு, நிறம் கறுத்து, எண்ணெய் சட்டி ஓரத்தில் பிரிந்து நிற்கிற வரைக்கும் கொஞ்சமும் அவசரப்படாமல் வதக்கினார். அப்புறம் வெங்காயம், தக்காளி. பக்கத்து அடுப்பில் மத்தியானத்திலிருந்து கொதித்துக்கொண்டிருந்த எலும்புத் தண்ணியைக் கரண்டியால் மொண்டு ஊற்றினார், சோம்பும் பட்டையும் சேர்ந்து தெரு வரைக்கும் மணந்தது. முட்டைக்கோஸ் ஒரு கை, ஏற்கெனவே அவித்து வடித்து எண்ணெய் தடவி வைத்திருந்த நூடுல்ஸ் ஒரு பிடி. கொதி வந்ததும் ஒரு முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டி நடுவில் விட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கிண்டவே இல்லை. வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள்கரு இன்னும் இளகலாக இருக்கும்போது மொத்தத்தையும் கிண்ணத்தில் சரித்தார். மேலே பொரித்த வெங்காயம், மல்லித்தழை, அரை எலுமிச்சம்பழம்.

முதல் வாயில் காரம் தெரியாது. எலும்பு ருசியும் தக்காளிப் புளிப்பும்தான் தெரியும். விழுங்கின பிறகு தொண்டையில் பிடித்து, காது மடல் வரைக்கும் சூடு போய், நெற்றி வேர்த்து, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும். பாதிக் கிண்ணத்தில் மஞ்சள்கருவை உடைத்துவிட்டால் குழம்பு திடீரென்று கெட்டியாகி, காரம் ஒரு படி இறங்கி வேறொரு சாப்பாடாகவே மாறிவிடும். நூடுல்ஸ் கடைசி வரைக்கும் குழையவில்லை. மிச்சக் குழம்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன், பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் குடித்தார்கள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அந்தக் கடைக்குப் போகாமல் திரும்புவதில்லை.

இது எப்படிக் கடையநல்லூரில்? ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடையநல்லூர் தறி ஓடின ஊர். போன நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவை நம்பிப் பிழைக்க முடியாமல் போனபோது சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பினார்கள் என்றால், கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பெண்டு பிள்ளைகளோடு போய்க் குடியேறினார்கள். சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பக்கம் அவர்கள் குடியிருந்த இடம். அங்கே பெண்கள் சும்மா இருக்கவில்லை, மசாலா இடித்தும் அரைத்தும் விற்றார்கள். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் ஆரம்பித்தார்கள், 1946-இல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தத் தொடங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் அம்மி மசாலாவை விடவில்லை, பக்கத்து வீட்டுச் சீனர்களின் நூடுல்ஸையும் விடவில்லை.

மீ என்பது ஹொக்கியன் சீனர்கள் கொண்டுபோன மஞ்சள் நூடுல்ஸ். கோதுமை மாவில் காரத்தன்மை (அல்கலைன், மிளகாய்க் காரம் இல்லை) உள்ள நீரைச் சேர்த்துப் பிசைவதால்தான் அந்த மஞ்சள் நிறமும் கடிக்கும்போது இழுக்கிற அந்த இழுவையும் வருகிறது. குவா என்பது மலாய்க்காரர்கள் குழம்புக்குச் சொல்கிற பேர். சட்டியில் கொதிப்பது நம்ம ஊர் ஆட்டெலும்புக் குழம்பு. அங்கே தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் இதன் சொந்தபந்தங்களும் உண்டு, பிரட்டி எடுத்தால் மீ கோரெங், சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்துக் குழம்பைக் கெட்டியாக்கினால் மீ ரெபுஸ். எனக்கு எட்டின வரைக்கும் சாரல் விழுகிற ஊருக்குக் குவாதான் சரி.

அந்த பாய் இளவயதில் அங்கே கடையில் நின்றவர். திரும்பி வந்தபோது மஞ்சள் மீயும் முளைப்பயறும் தவ்ஹூ என்கிற சோயா கட்டியும் இங்கே கிடைக்காது, அதனால் பாக்கெட் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் போட்டுச் செய்யப் பழகிக்கொண்டார். அங்கே பிழிகிற குட்டி எலுமிச்சைக்குப் பதில் இங்கே புளியங்குடி எலுமிச்சை, அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. "அங்க லேசா இனிப்பு விடுவாங்க. இங்க விட்டா நம்ம ஆளு கிண்ணத்த நகட்டி வச்சிருவான்" என்றார். அங்கே உள்ளது போலவே இருக்கிறதா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வமே இல்லை. ஊருக்கு வந்து ஊர்த் தண்ணீரில் கொதித்து, ஊர் நாக்குக்கு ஏற்ற மாதிரி மாறின பிறகு அது இந்த ஊருடையது.

இதை நண்பர்களிடம் சொன்னால் ஒருவர் உடனே, "இது சிங்கப்பூர்ச் சாப்பாடுல்லா, நெல்லைச் சாப்பாடுன்னு எப்படிச் சொல்லுத?" என்கிறார். நியாயமான கேள்வி என்றே வைத்துக்கொள்வோம். அல்வா எங்கிருந்து வந்தது? வடக்கே ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த சிங் குடும்பத்தார் கிண்டியது, சொக்கம்பட்டி ஜமீன்தார் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் நாமே பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சொக்கம்பட்டி கடையநல்லூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! கோதுமை தாமிரபரணி வயலில் விளைகிறதா? பரோட்டாவின் மைதா விளைகிறதா? மிளகாயே போர்ச்சுகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, அதற்கு முன்னால் இங்கே காரம் என்றால் மிளகுதான். சொதி இலங்கையிலும் தினசரிச் சாப்பாடு. இதையெல்லாம் நம்முடையது என்று அணைத்துக்கொண்டவர்களுக்கு, நம்ம ஊர்க்காரனே கப்பலில் போய் வேர்வை சிந்தி, ருசி கண்டு கொண்டுவந்த ஒரு கிண்ணம் நூடுல்ஸ் மட்டும் எப்படி அந்நியம் ஆகும்?

சென்னையைப் பாருங்கள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கையில் கிடைத்ததோடு திரும்பி வந்த தமிழர்கள் பர்மா பஜார் பக்கம் அத்தோ, மொய்ங்கா என்று பர்மா நூடுல்ஸ் வகைகளைப் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அத்தோ சாப்பிட ஊர் ஊராக ஆள் வருகிறது, வீடியோ எடுக்கிறார்கள், சென்னைச் சாப்பாடு என்றே எழுதுகிறார்கள். நல்ல விஷயம், அந்த மக்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான் அது. நம்ம பக்கத்து மலாயாக்காரர்களுக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு பக்கம், நம்ம பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட்டில் கொரியன் நூடுல்ஸ் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, காரம் தாங்க முடியவில்லை என்று ரீல்ஸ் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. காரமான, சுடச்சுட, குழம்போடு உறிஞ்சிக் குடிக்கிற நூடுல்ஸ் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதையே எலும்பு வேகவைத்து, வத்தல் அரைத்துச் செய்கிற கடை ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அங்கே கிண்ணம் எண்பது ரூபாய்.

பாயின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார், கடைக்கு வருகிற உத்தேசம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பானை எலும்புத் தண்ணிதான், அது தீர்ந்தால் கடை மூடிவிடும். கூட்டம் கூடினால் தன்னால் சமாளிக்க முடியாது, கடைப் பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அவருக்குப் பிறகு இந்தச் சட்டி யார் கையில் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது குற்றாலம். சீசனில் அருவியில் குளித்துவிட்டுப் பல் கிடுகிடுக்க வெளியே வருகிறவனுக்குக் கடை கடையாக என்ன கிடைக்கிறது? மிளகாய் பஜ்ஜி, அதே சாஸ் நூடுல்ஸ். அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் மீ குவா கிடைத்தால் அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். பரோட்டாக் கடைக்காரர்களுக்கு இதில் புதுச் செலவு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. சால்னாவுக்கு எலும்பு எப்படியும் கொதிக்கிறது, முட்டையும் கோஸும் கையில் இருக்கிறது, வத்தல் விழுதை மட்டும் பொறுமையாக வதக்க ஒரு ஆள் வேண்டும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், வருகிற சீசனுக்கு ஒரு சட்டி மட்டும் போட்டுப் பாருங்கள். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லித்தர பாய் தயார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். உள்பெட்டியில் நம்பர் அனுப்புங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்விட வேண்டும், எலும்புத் தண்ணி அதற்கு மேல் நிற்காது.