சுட்டால் பறவை எங்கே போகும்?

ஆற்று மீன்கள் குறைவதற்கு நீர்க்காகங்களே காரணம், சுட்டுக் குறைப்பதே வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒரு பறவை நாளுக்குச் சுமார் அரைக் கிலோ மீன் தின்னும் என்பது சரி. ஆனால் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் இதைச் செய்து பார்த்தாயிற்று. அங்குள்ள ஈஸ்ட் சாண்ட் தீவில் 2015-ல் சுடுவதும் முட்டைகளுக்கு எண்ணெய் பூசுவதுமாகத் தொடங்கினார்கள். மறு ஆண்டே பறவைகள் கூடுகளைப் போட்டது போட்டபடி விட்டுக் கிளம்பின; கழுகுத் தொல்லையும் ஒரு காரணம் என்றார்கள். பிறகு ஏராளமானவை ஆற்றில் இன்னும் மேலே, அஸ்டோரியா பாலத்தில் குடியேறின. தீவில் கடல் மீனும் கிடைத்தது. பாலத்தில், காப்பாற்ற நினைத்த சால்மன் மீன் குஞ்சுகள்தான் கூடுதலாக இரையாகின்றன. நல்ல லாபம்!

எண்ணெய் பூசுவதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது. முட்டையை எடுத்துவிட்டால் பறவை மறுபடி இடும்; பூசினால் பொரியுமென்று அடைகாத்துக்கொண்டே இருக்கும். என்ன, முட்டையிட்ட உடனே பூசிவிட வேண்டும், தாமதித்தால் அதுவும் வதைதான்.

கரையோரம் மரக்கிளைகளை அமிழ்த்தி வைத்தாலே சிறு மீன்கள் பறவைகளிடமிருந்து ஒளிந்துகொள்ளும். அப்புறம், மீன்களின் வழியை மறிக்கும் அணைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?