லார்சனை ஸ்காட்லாந்தோடு நிறுத்திவிடாதீர்கள்
சுவீடன் கால்பந்து வீரர் ஹென்ரிக் லார்சன் ஸ்காட்லாந்து லீக்கில் மட்டுமே பெரிய ஆள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்து கிளப்பான செல்டிக்குக்காக அவர் அடித்த 242 கோல்களை வேண்டுமானால் ஓரமாக வையுங்கள். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பையின் 2003 இறுதிப் போட்டியில், மொரின்யோ பயிற்சியளித்த போர்ச்சுகல் கிளப் போர்ட்டோவுக்கு எதிராக இரண்டு கோல், இரண்டுமே தலையால். செல்டிக் 3-2 என்று தோற்றது, அது வேறு விஷயம்.

அப்புறம் 2006 பாரிஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஆர்சனல் 1-0 என முன்னிலை. 61வது நிமிடத்தில் பார்சிலோனா லார்சனை இறக்கியது. வயது 34. 76வது நிமிடத்தில் பந்தை நிறுத்தவே இல்லை, லேசாகத் தொட்டு சக வீரர் எட்டோவின் வழியில் விட்டார், கோல். நாலே நிமிடத்தில் வெற்றி கோல் அடித்த பெலெட்டிக்கும் அவர்தான் பந்து கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் தியரி ஆன்ரியே அவரைப் பற்றித்தான் பேசினார். ஆட்டத்தை மாற்றியது லார்சன்தான் என்றார். தோற்ற ஆர்சனலின் கேப்டன் ஆன்ரி!

1999இல் லியோனில் கால் முறிந்த காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கால் அப்படித் தொங்கியது. 2000-01இல் 35 லீக் கோல்களோடு, ஐரோப்பிய லீக்குகளின் சிறந்த கோல் வீரருக்கான ஐரோப்பியத் தங்கக் காலணி விருது வாங்கியதும் அதே காலோடுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே, ஏன் சார்?