ஐஃபாட் தருவது பெரும்பாலும் கடன்

"ஐஃபாட் ஏழை நாடுகளுக்கு இலவசமாகச் சோறு போடுகிறது, அந்தப் பணம் திரும்பி வருவதே இல்லை, எல்லாம் பணக்கார நாடுகளின் பிச்சை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐஃபாட் என்பது வேளாண் வளர்ச்சிக்கான சர்வதேச நிதியம்; அதைப் பற்றி நீங்கள் சொன்ன மூன்றுமே தவறு.

பசித்தவர்களுக்கு உணவு கொண்டு சேர்ப்பது உலக உணவுத் திட்டம். அதற்கும் ஐஃபாட்டுக்கும் தலைமையகம் ரோம்தான், குழப்பம் வருவது சகஜம். ஐஃபாட் 1974 உலக உணவு மாநாட்டில் முடிவாகி 1977-இல் உருவானது. ஐநா அமைப்பு என்றாலும் வேலை செய்வது கிட்டத்தட்ட வங்கி மாதிரி.

மிக ஏழை நாடுகளுக்கு அது நீண்ட காலம் வைத்திருந்த நிபந்தனையைப் பாருங்கள்: வட்டி கிடையாது, ஆண்டுக்கு 0.75 சதவீதம் சேவைக் கட்டணம், 40 ஆண்டுத் தவணை, அதில் முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். பெரிய சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் அசல் திரும்பி வருகிறது. கட்டுவது அந்நாட்டு அரசு. வந்த பணம் வேறொரு நாட்டின் பாசனத்துக்கோ கிராமச் சாலைக்கோ மறுபடி கடனாகப் போகிறது. மானியமும் உண்டு, முக்கியமாக ஏற்கெனவே கடனில் தத்தளிக்கும் நாடுகளுக்கு.

சரி, திரும்பி வரும் அசல் மட்டும் போதுமா என்றால், போதாது. அதனால்தான் 3 ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பு நாடுகளிடம் நிதி திரட்டுகிறார்கள். அப்புறம் அந்தப் 'பிச்சை': ஓபெக் எனப்படும் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் தொடக்கத்திலேயே பெரும் பங்கு போட்டன, கடன் வாங்கும் இந்தியாவும் பணம் போடுகிறது.