இடது தீவிரவாதம், வலது தீவிரவாதம் இரண்டும் ஒன்றுதான் என்பவர்களுக்கு

1979 ஜனவரி 29. இத்தாலியின் மிலான் நகரத்தில் எமிலியோ அலெஸ்ஸாந்த்ரினி என்ற அரசு வழக்குரைஞர் மகனைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சிக்னலில் கார் நிற்கிறது. அங்கேயே சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

யார் இந்த மனிதர்? 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் பியாட்ஸா ஃபொந்தானா வங்கியில் வெடித்த குண்டு 17 பேரைக் கொன்றது. போலீஸ் உடனே, அரசே வேண்டாம் என்னும் அனார்கிஸ்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அவர்களில் பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி மூன்றாம் நாள் இரவு போலீஸ் தலைமையகத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். அது பொய்த்தடம், உண்மையான தடம் வெனெட்டோ பகுதி நவபாசிஸ்டுகளிடம் போகிறது என்று தோண்டி எடுத்தவர்களில் ஒருவர்தான் அலெஸ்ஸாந்த்ரினி.

அப்படியானால் வலதுசாரிகள் பழிவாங்கியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? கொன்றது பிரிமா லீனியா. இடதுசாரி ஆயுதக் குழு. அவர்கள் சொன்ன காரணம்தான் என்னைத் தூங்கவிடாதது: இவரைப் போன்றவர்கள் ஒழுங்காக வேலை செய்வதால் இந்த அரசின் மீது மக்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறதாம். அவர் நேர்மைதான் குற்றம்.

இடது தீவிரவாதமா, வலது தீவிரவாதமா, எது மோசம் என்று இங்கே அடிக்கடி சண்டை நடக்கிறது. ஒருவர் ஸ்டாலினைத் தூக்கிக்கொண்டு வருவார், இன்னொருவர் ஹிட்லரை. பிணக்கணக்கு முடிந்ததும் நடுநிலையாளர் ஒருவர் வந்து 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்று சொல்லி நூறு லைக் வாங்கிப் போவார். எனக்கு இந்தக் கணக்கு எதிலும் உடன்பாடில்லை. ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இரண்டும் நடந்த இத்தாலியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

இடதுகளின் ஆயுதக் குழுக்கள் ஆளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துச் சுட்டன. அந்தப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். 1978 மார்ச் 16 அன்று சிவப்புப் படையணி என்ற குழு முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி, பாதுகாவலர் ஐந்து பேரையும் கொன்றது. கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவோடு அமையும் அரசுக்கு அன்றுதான் நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அந்த ஏற்பாட்டுக்குப் பாடுபட்டவர் மோரோ. 55 நாள் கழித்து, மே 9 அன்று, ரோமில் ஒரு காரின் டிக்கியில் அவர் உடல் கிடந்தது.

அடுத்து குய்தோ ரோஸ்ஸா. ஜெனோவா இரும்பாலைத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். ஆலைக்குள் சிவப்புப் படையணியின் துண்டறிக்கைகளை வைத்த சக தொழிலாளியைப் பற்றிப் புகார் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து என்று வந்தபோது கூட இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் போட்டார். 1979 ஜனவரி 24 அதிகாலை, வேலைக்குக் கிளம்பியவரைக் கொன்றார்கள். தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் ஒரு தொழிலாளியை! இறுதி ஊர்வலத்துக்கு இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். முசோலினி காலத்தில் சிறையிருந்த சோசலிஸ்டான குடியரசுத் தலைவர் பெர்த்தினியும் வந்தார். (கையெழுத்துப் போட ஒரு பத்துப் பேர் வந்திருக்கலாம். அதை விடுங்கள்.)

'வழி தவறிய தோழர்கள்' என்று அதுவரை மழுப்பிய இடதுசாரிகள் பலருக்கு அதன் பிறகு அப்படிப் பேச வாய் வரவில்லை. சிவப்புப் படையணி ஆலைகளுக்குள் அந்நியமானது இங்கிருந்துதான் என்பது என் எண்ணம். அடுத்த வருடம் பாத்ரிட்ஸியோ பெச்சி என்ற முக்கியப் புள்ளி பிடிபட்டு வாய் திறந்ததும் அமைப்பு சரியத் தொடங்கியது. 1981-இல் அதற்குப் பழியாக அவர் தம்பியைக் கடத்திக் கொன்றார்கள். போராளிகளாம்.

வலது பக்கம் வருவோம். அவர்களும் அதிகாரிகளைக் கொன்றார்கள். ரோமில் நவபாசிஸ்டுகளை ஏறக்குறைய தனியாளாக விசாரித்துவந்த மரியோ அமாத்தோவை 1980 ஜூனில் பேருந்து நிறுத்தத்தில் சுட்டார்கள். ஆனால் அவர்களுடைய கையொப்பம் கூட்டத்தில் வைக்கும் குண்டு. பொலோஞ்ஞா ரயில் நிலையம், 1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம், 85 பிணம். அங்கே யார் செத்தாலும் அவர்களுக்குச் சரி. மக்கள் பயந்துபோய் இரும்புக்கரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றில்லை என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதற்கு அடுத்தது. பொலோஞ்ஞா விசாரணையைத் திசை திருப்ப, 1981 ஜனவரியில் ஒரு ரயிலில் வெடிமருந்துப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது இராணுவ உளவுத்துறையின் அதிகாரிகள். நீதிமன்றத்தில் நிரூபணமாகித் தண்டனையும் ஆனது. பியாட்ஸா ஃபொந்தானா வழக்கில் தேடப்பட்டவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்ததற்காக வேறு இரண்டு உளவு அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். இடதின் ஆயுதக் குழுக்கள் அரசை எதிர்த்துச் சுட்டன. வலதின் குண்டுகளுக்கோ அரசுக்குள்ளேயே காவல் இருந்தது. இடதைக் காட்டிக்கொடுக்க ஒரு ரோஸ்ஸா இருந்தார். அரசே மூடி மறைத்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

1974 மே 28 அன்று பிரெஷியா நகரில் பாசிச எதிர்ப்புக் கூட்டத்தில் குண்டு வெடித்து எட்டுப் பேர் செத்தார்கள். தடயம் சேகரிப்பதற்கு முன்பே, அன்றைக்கே, சதுக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். இருவரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பு வந்தது 2017-இல். அந்த இருவரில் ஒருவர் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்த ஆள். 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்பவர்கள், இடைப்பட்ட 43 வருடம் எங்கே போனது என்பதையும் கமெண்டில் எழுதிவிட்டுப் போகவும்.