வேட்டிக்கு முந்தின கதை

(தென்காசி. டீக்கடை பெஞ்சில் மாமா. மருமகன் வேட்டியை மடித்துக் கட்டியபடி புது சைக்கிளில் வந்து இறங்குகிறான்.)

மாமா: பைக்க எங்கல?

மருமகன்: வித்துட்டேன் மாமா. இனி நமக்கு ஜோஹோ கம்பெனி ஸ்ரீதர் வேம்பு ரூட்டுதான். மத்தளம்பாறையில இருந்துக்கிட்டே உலகம் பூரா சாஃப்ட்வேர் விக்காருல்லா? வேட்டி, சைக்கிள், வயக்காடு. காலேஜையும் விட்டுட்டேன்.

மாமா: அவரு எப்பல காலேஜை விட்டாரு? 1989ல மெட்ராஸ் ஐஐடிய முடிச்சு, அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காம்ங்க சிப் கம்பெனியில வேலையும் பாத்துட்டுதாம்ல ஜோஹோவுக்கு வந்தாரு.

மருமகன்: அதெல்லாம் பழைய கதை. நான் கடைசியில இருந்து ஆரம்பிக்கேன்.

மாமா: அப்ப மொதல்ல அவர மாதிரி பத்மஸ்ரீய வாங்கிரு.

மருமகன்: கிண்டல் பண்ணாதிய. டிகிரி இல்லாத பிள்ளையளுக்கு அவரே ஸ்கூல் நடத்துதாரு. ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் துட்டு வேற குடுக்காவ.

மாமா: அதுல சேரேம்ல!

மருமகன்: சேர தேர்வு வைக்காவளாம் மாமா.

மாமா: அதுக்குப் பயந்துதான காலேஜை விட்ட! சரி, என்னத்த விக்கப்போற?

மருமகன்: அது பொறவு. மொதல்ல 2 லட்சம் வேணும்.

மாமா: எங்கிட்டயா? ஜோஹோக்காரவுக 1996ல தொடங்குனதுல இருந்து வெளியாள் முதலீடே வாங்குனதில்லல.

மருமகன்: நீங்க வெளியாளா மாமா?

(மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.)

மாமா: கேளுல. அப்ப கம்பெனிக்கு அட்வென்ட்நெட்னு பேரு. நெட்வொர்க் கருவி செய்யுத கம்பெனியளுக்கு சாஃப்ட்வேர் வித்துக்கிட்டு இருந்தாவ. 2000 வாக்குல இன்டர்நெட்ட நம்பி தொடங்குன டாட்காம் கம்பெனியள்லாம் வரிசையா படுத்துச்சு பாரு, அதோட வாங்குதவனும் படுத்துட்டான். பங்கு போட்டவன் எவனும் கழுத்தப் பிடிக்க வரல, அதனால நிதானமா வேற சரக்கு செய்யப் பழகுனாவ. ஜோஹோங்க பேரே கம்பெனிக்கு 2009லதான் வந்துச்சு. 13 வருசம்! அத்தனையும் வாடிக்கையாளர் குடுத்த துட்டுல நடந்தது. நானும் யூடியூப் பாக்கேம்லா.

மருமகன்: வாடிக்கையாளர் துட்டு... நல்லாருக்கே.

மாமா: சைக்கிள் எம்புட்டு?

மருமகன்: 45 ஆயிரம். கியர் வச்சது.

மாமா: பைக்கு எம்புட்டுக்குப் போச்சு?

மருமகன்: 40.

மாமா: கம்பெனிக்கு இன்னும் பேரே வைக்கல, அதுக்குள்ள 5 ஆயிரம் நட்டமால!

மருமகன்: அத விடுங்க. டீக்கும் ரெண்டு வடைக்கும் நீங்க குடுத்திருங்க. பயப்படாதிய, இது முதலீடு இல்ல.

மாமா: பின்ன?

மருமகன்: வாடிக்கையாளர் துட்டு.

மாமா: நான் உங்கிட்ட என்னத்தல வாங்குனேன்?

மருமகன்: இம்புட்டு நேரம் நீங்க பேசுனத ஒருத்தன் உக்காந்து கேட்டாம்லா? வீட்டுல அத்தை கேப்பாவளா?