மேடு இல்லை என்றால் "எளிது" என்று போட்டுவிடுவதா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் வார இறுதியில் இயற்கை நடை கூட்டிப் போகிற குழுக்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அறிவிப்பில் "எளிது", "மிதமானது", "கடினம்" என்று போடுகிறீர்களே, எதை வைத்துப் போடுகிறீர்கள்? வெயில் ஏறின பிறகு அந்தப் பாதையில் ஒரு தடவையாவது நடந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தவரை மலை இருந்தால் கடினம், மலை இல்லாவிட்டால் எளிது. அவ்வளவுதான் இவர்கள் கணக்கு. செஞ்சி ராஜகிரிக்குக் "கடினம்". சுமார் 800 அடி, மூச்சு வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே படி இருக்கிறது. நடுநடுவே கோட்டை வாசல் இருக்கிறது, நிழலில் உட்காரலாம். முடியாதவர் பாதியில் திரும்பினாலும் வழி தவறாது. ஆரோவிலை ஒட்டி, பொம்மையார்பாளையத்துக்குப் பின்னால் இருக்கும் செம்மண் பள்ளங்களுக்கு மட்டும் "எளிது, குடும்பத்தோடு வரலாம்". அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. காலுக்கடியில் சரளை உருளும். மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட ஓடைகளில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். இதில் எது எளிது?

மலை நடைக்கு நேரம் போட ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு கணக்கு சொன்னார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்தக் குளிர் நாட்டுக்கு அது சரி. அதே கணக்கை இங்கே போட்டால், மேடில்லாத 8 கிலோமீட்டரை ஒன்றரை மணி சொச்சத்தில் முடித்துவிடலாம் என்று வரும். வெயிலையும் புழுக்கத்தையும் யார் கணக்கில் எடுப்பது? வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது எங்கே காய்கிறது? சட்டை தொப்பலாக நனைந்திருக்கும், உள்ளே உடம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். ஊசுட்டேரிக் கரையில் காலை ஆறரைக்கு நடப்பதும் பத்தரைக்கு நடப்பதும் தூரத்தில் ஒன்றுதான். உடம்புக்கு ஒன்றா?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். தினமும் விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறவர். நோஞ்சான் உடம்பு இல்லை. "எளிது" என்ற அந்த ஒரு சொல்லை நம்பி, ஆசையாகப் பணம் கட்டி அந்தச் செம்மண் பள்ள நடைக்கு எங்களோடு வந்தார். ஆறு மணிக்குப் புறப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். கடலூரிலிருந்து இருட்டோடு பஸ் பிடித்து நேரத்துக்குப் போய் நின்றவர்கள் நாங்கள். பக்கத்திலேயே ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் ஆடி அசைந்து வந்து சேர்ந்து, காலை எடுத்து வைக்கும்போது மணி ஏழேகால் தாண்டிவிட்டது. நேரத்துக்கு வந்தவர்களின் ஒரு மணி நேரக் குளிர்ச்சியைத் தாமதமாக வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

அப்புறம் கைடு. இளம் பையன், நல்ல கால், திரும்பிப் பார்க்காமல் போகிறான். அவனோடு ஈடு கொடுத்து நடக்கிற நாலு பேர் முன்னால். மீதிப் பேர் பின்னால், எங்களுக்கும் பின்னால் பெரியம்மா. முந்திரித் தோப்பு ஓரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஒருத்தர் அங்கே நிற்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பெரியம்மாவின் செருப்பில் குதிகால் வார் அறுந்து தொங்குகிறது. புடவைத் தலைப்பில் சூரை முள் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் கொக்கி போடுகிறது. அந்த முள் வளைந்த முள், இழுத்தால் துணி கிழியும், நிதானமாகத்தான் கழற்ற வேண்டும். அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது. கடைசியில் கைடு திரும்பி வந்து சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "ஏம்மா, எல்லாம் ஃப்ளாட்தானே, இதுக்கே முடியலையா?"

முடியாமல் போனது அவர் குற்றமா? நீங்கள் எழுதின சொல்லை நம்பித்தானே வந்தார்! அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "எனக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே இதெல்லாம் வேண்டாம்" என்றார். என் கோபமெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான். நன்றாக நடக்கிற மனுஷியைத் தன்னால் முடியாது என்று நம்ப வைத்துவிட்டார்கள்.

கூட்டமாக நடக்கும்போது வழி தெரிந்த ஒருத்தர் கடைசியில் வர வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் நின்று தலையெண்ண வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு? தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரைவிட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்கு விதிமுறையே வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர்களை வழிகாட்டியாகப் போட்டார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இங்கே குழு நடத்துகிறவர் வைத்ததுதான் அளவு. அங்கே மலைப்பாதைக்குப் போட்ட மூன்று சொல்லை எடுத்து வந்து இங்கே செம்மண்ணுக்கும் மணலுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, வேகமாக நடந்துதான் என்ன பார்த்தோம்? அந்தச் செம்மண் மேட்டுக்குப் பெரிய கதை இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் மரமில்லாத மொட்டைத் தரை. மழைக்கு மண் கரைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே குடியேறினவர்கள் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, மரம் நட்டு, காட்டை மீட்டார்கள். மழை குறைந்த இடத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கிற, இந்தக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடு இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதிலும் நிறைய அய்யனார் கோயில் காடுகளாக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். வீரை மரமும் காசா மரமும் அடர்ந்து நிற்கிற அந்த நிழலில் நடப்பதுதான் உண்மையிலேயே எளிது. பெரியம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தால் அரை நாள் அலுக்காமல் நடந்திருப்பார், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பேர் கேட்டிருப்பார். "எளிது" என்று பார்த்துப் பணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் அப்படி நின்று பார்க்க வருகிறவர்கள்தான். அவர்களை ஓட வைத்து, செம்மண்ணில் ஒரு போட்டோ எடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால் முடிந்ததா?

நான் கேட்பது ரொம்பக் கொஞ்சம். எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு தூரம் நிழல், தரை மணலா சரளையா சேறா, தண்ணீர் எங்கே கிடைக்கும், பாதியில் திரும்ப வழி இருக்கிறதா, எத்தனை மணிக்கு முடியும். ஆறு வரி. இதை எழுதிவிட்டு மேலே எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அவரவர் உடம்பு அவரவருக்குத் தெரியும், படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

இப்போது மரக்காணம் பக்கம் இருக்கிற கழுவெளிச் சதுப்புக்கு ஒரு நடை அறிவித்திருக்கிறார்கள். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம், 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எனக்கு ரொம்ப ஆசை. நீர் வற்றின சதுப்பின் விளிம்பில் வெட்டவெளி நடை, கால் புதையும் சேறு. அறிவிப்பில் மறுபடியும் "எளிது, அனைவரும் வரலாம்". அந்த ஆறு கேள்வியையும் குழுவில் எழுதிக் கேட்டேன். "வந்து பாருங்க, சூப்பரா இருக்கும்" என்று பதில் வந்தது. அந்த ஆறுக்கும் ஒழுங்காகப் பதில் வருகிறவரை நானும் பணம் கட்டப் போவதில்லை, எங்கள் தெருவில் யாரையும் கட்ட விடப் போவதில்லை.