கைப்பட்டை கட்டினால் சட்டம் போய்விடுமா?

தன்பாலின உறவைக் குற்றம் என்று வைத்திருக்கும் நாட்டில் பெரிய போட்டி ஒன்றை நடத்தினால் போதும், உலகமே வந்து பார்க்கும், சட்டம் தானாக இளகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால் சொன்னார்கள். இப்போது 2034இல் சவுதி நடத்தவிருக்கும் உலகக் கோப்பைக்காகவும் சொல்கிறார்கள். நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கு ஆதாரமே கிடையாது. அதற்காக விளையாட்டால் ஒன்றும் ஆகாது என்று கைகழுவுவதும் எனக்குச் சம்மதம் இல்லை. விளையாட்டு அமைப்புகளின் கை கொஞ்ச தூரம் நீளும். எதுவரை என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

1998 செப்டம்பர் 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தது. ஆசிய மண்ணில் அதுதான் முதல். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, 19ஆம் தேதி, அன்வார் இப்ராஹிமோடு உறவு கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள் என்று இரண்டு பேருக்கு ஆறு மாதச் சிறை கொடுத்தது நீதிமன்றம். மறுநாள் இரவு அன்வாரே கைது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவரைத் துணைப் பிரதமர் பதவியிலிருந்து பிரதமர் மகாதீர் தூக்கியிருந்தார். தன்பாலின உறவைக் குற்றமாக்கி பிரிட்டிஷ் காலனி விட்டுப்போன 377ஆம் பிரிவை அரசியல் எதிரியை முடிக்க எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு அதைவிடத் துல்லியமான பாடம் கிடையாது. எலிசபெத் ராணி அப்போது அதே ஊரில்தான் இருந்தார். நிறைவு விழா குறித்த நாளில் நடந்து முடிந்தது. 2000இல் அன்வாருக்கு ஒன்பது ஆண்டுத் தண்டனை விழுந்தது, 2004இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, பிறகு அதே மாதிரி இரண்டாவது வழக்கு வந்து 2015இல் மறுபடி உள்ளே போனார். இன்று அவர் பிரதமர். சட்டம் அப்படியே இருக்கிறது, இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

இப்போது அதே மலேசியா, அதே மகாதீர், 2019. சரவாக்கின் கூச்சிங்கில் உலகப் பாரா நீச்சல் போட்டி நடப்பதாக இருந்தது. இஸ்ரேல் வீரர்களுக்கு விசா தரமாட்டோம் என்றார் மகாதீர். ஜனவரியிலேயே சர்வதேசப் பாராலிம்பிக் கமிட்டி போட்டியைப் பிடுங்கிக்கொண்டது. செப்டம்பரில் லண்டனில் நடந்தது. இரண்டு போட்டியையும் நடத்தியவை வேறு வேறு அமைப்புகள்தான், ஆனால் வித்தியாசம் அமைப்பின் துணிச்சலில் இல்லை. தகுதி பெற்ற ஒரு வீரர் குளத்தில் இறங்க முடியாது என்றால் போட்டியின் சொந்த விதியே உடைகிறது. அதைக் காப்பாற்ற ஒப்பந்தத்தில் அதிகாரம் இருக்கிறது. உள்நாட்டுக் குடிமகன் ஒருவரை உள்நாட்டுச் சட்டத்தில் பிடித்தால் அந்த ஒப்பந்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: போட்டி போனாலும் போகட்டும் என்றுதான் மகாதீர் இருந்தார். விசாக் கொள்கை மாறவில்லை.

கத்தாரை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2010 டிசம்பரில் வாய்ப்பு கிடைத்தது, 2022 நவம்பரில் போட்டி. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். இந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒன்று மாறியது, ஒன்று மாறவில்லை. தொழிலாளர் விவகாரத்தில் 2014இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் முறைப்படி புகார் போனது. விசாரணைக் குழு வந்துவிடும் என்ற நிலையில் 2017இல் கத்தார் இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டது, 2018இல் தோகாவில் அந்த அமைப்பின் அலுவலகம் திறந்தது. முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று 2020இல் சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி 1000 ரியால், தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500ம் 300ம் தனியாக. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை, அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் சட்டம் மாறியது. ஏனென்றால் கத்தார் ஏற்றுக் கையெழுத்திட்ட உடன்படிக்கை இருந்தது, புகார் கொடுக்க வழி இருந்தது, மைதானத்தைக் கட்டியவர்களே பாதிக்கப்பட்டவர்களாக இருந்தார்கள்.

தன்பாலின உறவுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிற தண்டனைச் சட்டம் அப்படியே நின்றது. அதற்குக் கத்தார் கொடுத்த பதில் ‘எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்பது மட்டும். அந்த வரவேற்பு யாருக்கு? டிக்கெட் வாங்கி நான்கு வாரம் வந்துபோகிறவனுக்கு. 2019க்கும் 2022க்கும் இடையில் கத்தார்க்காரர்களைப் பிடித்துக் காவலில் அடித்ததையும் பாலியல் தொல்லை கொடுத்ததையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் வெளியிட்டது. விருந்தாளிக்கு ஒரு சட்டம், வீட்டுப்பிள்ளைக்கு ஒரு சட்டம். அதையும் ஏற்பாட்டாளர்கள் சாதனைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

கைப்பட்டைக் கூத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். கத்தார் போட்டியில் தன்பாலினத்தவருக்கு ஆதரவாக ‘ஒன்லவ்’ என்ற பட்டையைக் கையில் கட்டுவதாக ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் அறிவித்தார்கள். அபராதம் போட்டால் கட்டிவிடத் தயார் என்றும் சொன்னார்கள். நவம்பர் 21 அன்று, இங்கிலாந்து ஈரானோடு இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால், பட்டை கட்டினால் மஞ்சள் அட்டை என்றது ஃபிஃபா. ஏழு சங்கமும் பின்வாங்கின. அவர்களைக் கோழை என்று திட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்தப் பட்டை ஆட்டம் முழுக்கக் கையில் இருந்திருந்தால் மட்டும் தோகாவில் ஒரு காவல் நிலையத்தில் என்ன மாறியிருக்கும்? இவ்வளவு நாள் எல்லோருடைய கவனமும் பட்டையில்தான் இருந்தது, 2010க்கும் 2022க்கும் நடுவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

(தோகா என்றதும் நமக்கு இன்னொரு போட்டியும் நினைவு வர வேண்டும். 2006 ஆசியப் போட்டி, 800 மீட்டர், புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன், வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தது விளையாட்டு நிர்வாகமே. அது வேறு விவகாரம்தான். ஆனால் மற்றவர்களுக்கு மனித உரிமை வகுப்பெடுக்க வருகிறவர்களின் கை எவ்வளவு சுத்தம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.)

தன் வேலிக்குள் விளையாட்டு வேகமாக நடவடிக்கை எடுக்கும் என்பதற்குக் கிரிக்கெட்டே சாட்சி. 2018 மகளிர் டி20 உலகக் கோப்பையில், செயின்ட் லூசியாவில், இலங்கைக்கு எதிராகத் தென்னாப்பிரிக்க வீராங்கனைகள் டேன் வான் நிகெர்க்கும் மரிசான் காப்பும் 67 ரன் சேர்த்து அணியைக் கரைசேர்த்தார்கள். அந்த ஆண்டுதான் இருவரும் ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். ஆடிய நாட்டில் தன்பாலின உறவு குற்றம், எதிரணியின் நாட்டிலும் குற்றம். ஆட்டம் பாட்டுக்கு நடந்தது. மூன்று மாதம் கழித்து அதே மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சாளர் ஷானன் கேப்ரியல் தன்பாலின உறவை இழுத்துச் சொன்ன ஒரு வார்த்தைக்கு ‘அதில் தப்பொன்றும் இல்லை’ என்று இங்கிலாந்துக் கேப்டன் ஜோ ரூட் பதில் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. கேப்ரியலுக்கு அந்த ஆட்டச் சம்பளத்தில் 75 சதவீதம் அபராதம், நான்கு ஒருநாள் ஆட்டத் தடை. பத்து ஆண்டு சிறை என்று எழுதி வைத்திருந்த நாட்டில் நின்றுகொண்டு, அதைக் கேலி செய்தவரைத் தண்டித்தது ஐ.சி.சி. விதி! ஆட்டக்காரர்கள் மேல் அந்த விதிக்கு அதிகாரம் இருந்தது. பவுண்டரிக் கயிற்றுக்கு வெளியே நின்ற செயின்ட் லூசியா இளைஞனுக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

செயின்ட் லூசியா சட்டம் விழுந்தது 2025 ஜூலையில், உயர் நீதிமன்றத்தில். கிழக்குக் கரீபியத் தீவுகளின் உள்ளூர் அமைப்புகள் கூட்டாகத் திட்டம் போட்டு, நாடு நாடாக வழக்குத் தொடுத்தார்கள். ஆன்டிகுவா 2022 ஜூலை, செயின்ட் கிட்ஸ் 2022 ஆகஸ்ட், பார்படோஸ் அதே டிசம்பர். போட்ஸ்வானாவில் 2019இல் சட்டத்தை வீழ்த்தியது ஒரு பல்கலைக்கழக மாணவர் போட்ட மனு. மொரீஷியஸ் 2023, அங்கேயும் வழக்குதான். நம் 377க்கு 2001இல் நாஸ் பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு டெல்லியில் மனு போட்டதிலிருந்து 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை பதினேழு ஆண்டு ஆயிற்று, நடுவில் 2013இல் தோற்று மறுபடி எழுந்து. சிங்கப்பூரில் 2008 முதல் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் ஓடுகிறது, 2010இல் இளையோர் ஒலிம்பிக்கும் நடந்தது. 377ஏ போனதென்னவோ நீதிமன்றத்தில் வழக்கு மேல் வழக்காக வந்து, அடுத்ததில் தோற்றுவிடுவோமோ என்று அரசுக்குக் கவலை வந்த பிறகுதான்.

தோற்ற இடங்களில் ஏன் தோற்றார்கள் என்பதும் விளையாட்டு எட்டாத சங்கதி. டிரினிடாடில் 2018இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை நீக்கியது, 2023 ஆகஸ்டில் அங்கே காமன்வெல்த் இளையோர் போட்டியும் நடந்தது, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. காரணம், சுதந்திரத்துக்கு முன்பிருந்த சட்டங்களை அடிப்படை உரிமையை வைத்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று பாதுகாக்கும் ஒரு பிரிவு அவர்கள் அரசியலமைப்பில் இருப்பது. வானவில் கொடி பிடித்து அந்தப் பிரிவை அசைக்க முடியாது. வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும்.

வீரர்கள் வெளிப்படையாகப் பேசினால் சட்டம் மாறும் என்பதும் பெரும்பாலும் தலைகீழ். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தனக்கு ஒரு பெண்ணோடு உறவு இருக்கிறது என்று 2019 மே மாதம் சொன்னார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எட்டு மாதம் கழித்து. தீர்ப்பு கொடுத்த தைரியம் என்று அவரே சொன்னார்.

நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணித்தோமே, இவர்களையும் புறக்கணிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அணித் தேர்வே நிறத்தை வைத்து நடந்தது, அதாவது குற்றம் விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. புறக்கணியுங்கள் என்று கேட்டதும் அந்த நாட்டின் ஒடுக்கப்பட்டவர்கள். இன்று காமன்வெல்த்தின் 56 நாடுகளில் ஏறக்குறையப் பாதியில் இந்தச் சட்டம் இருக்கிறது. எல்லோரையும் வெளியேற்றினால் முதலில் வாய்ப்பை இழப்பது அங்கே ஒளிந்து வாழும் ஓட்டக்காரியும் குத்துச்சண்டைக்காரனும்தான். ஆட வருகிறவரைத் தடுக்காதீர்கள். நடத்தும் வாய்ப்பைக் கொடுக்கும்போது கறாராக இருங்கள். அதிலும் காலனி விட்டுப்போன சட்டம் தூசி படிந்து கிடக்கும் தீவையும், 2023இல் புதிதாகச் சட்டம் இயற்றி மரண தண்டனை வரை சேர்த்த உகாண்டாவையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

உகாண்டா, கென்யா, டான்சானியா மூன்றும் சேர்ந்து 2027 ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் வாய்ப்பைப் பெற்றிருக்கின்றன. அங்கே யாராவது மைதானத்தில் கொடி விநியோகிக்கத் திட்டமிட்டால் முதலில் இதைப் படிக்கட்டும்: உகாண்டா சட்டத்தில் ‘ஊக்குவித்தல்’ தனிக் குற்றம், இருபது ஆண்டு வரை சிறை. கொடி கொண்டுவந்தவர் விமானம் ஏறிவிடுவார், வாங்கி வைத்துக்கொண்ட உள்ளூர்ப் பிள்ளை மாட்டுவான். புதிய கடன்களை உலக வங்கி நிறுத்தி வைத்தபோதே அசையாத அரசு அது.

கேட்க வேண்டியது வேறு. கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் மதிப்பில்லை. ‘எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்ற வரியை ஏற்கக்கூடாது. இந்தப் பிரிவுகளில் வழக்குத் தொடரமாட்டோம் என்று தலைமை அரசு வழக்கறிஞரின் எழுத்துபூர்வச் சுற்றறிக்கை வேண்டும், அது சொந்தக் குடிமக்களுக்கும் பொருந்த வேண்டும், நிறைவு விழாவோடு காலாவதி ஆகக்கூடாது. சிங்கப்பூரில் 2007இல் அரசு கொடுத்த அப்படிப்பட்ட வாக்குறுதியைத்தான் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. அடுத்து, காவலில் எடுத்தவுடன் வக்கீல், செல்பேசியைத் துழாவத் தடை, கட்டாய ஆசனவாய்ப் பரிசோதனைக்குத் தடை. கென்யாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018லேயே அந்தப் பரிசோதனையைச் சட்டவிரோதம் என்றது, ஆக இது கேட்கக்கூடாத கோரிக்கையும் இல்லை. விளம்பரப் படத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் வழக்குகளுக்குச் சத்தமில்லாமல் கொடுக்கலாம்.

இதெல்லாம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: நடத்தும் வாய்ப்புக்கு வேறு ஆளும் போட்டி போட வேண்டும். 2026க்கான தேர்விலிருந்து மனித உரிமை நிபந்தனையை ஃபிஃபா சேர்த்தது. 2034க்கு சவுதி மட்டும் நின்றது, மதிப்பீட்டில் 500க்கு 419.8, மனித உரிமை அபாயம் ‘நடுத்தரம்’, 2024 டிசம்பர் 11 அன்று கைதட்டி முடித்தார்கள்.

இலங்கைக்கும் இது பொருந்தும். 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள். 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். பெண்கள் உரிமைக்கான ஐ.நா. குழு 2022இல் அது தவறு என்றது, நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொன்னது, மசோதா நிறைவேறவில்லை. 2026 டி20 உலகக் கோப்பையை இந்தியாவோடு சேர்ந்து நடத்தும் வாய்ப்பு இலங்கைக்குக் கிடைத்தது. அதையொட்டி ஐ.சி.சி. ஒரு வரி கேட்டிருந்தால் கொழும்பில் வழக்கு நடத்துகிறவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. குற்றம் என்ற சட்டம் நம்மிடம் இல்லாததால் நமக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்குப் பிறகு பல வீரர்கள் ஊர் திரும்பாமல் ஆஸ்திரேலியாவிலேயே புகலிடம் கேட்டார்கள். அங்கே அதற்குச் சட்டம் இருந்தது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, தனிப் புகலிடச் சட்டமும் கிடையாது. போட்டியின்போது உகாண்டாவின் கம்பாலாக்காரர் ஒருவரின் விவகாரம் ஊருக்குத் தெரிந்துபோய், திரும்பினால் சிறை என்ற நிலை வந்தால், அவர் எந்த அலுவலகத்துக்குப் போவது, விசா முடியும் தேதிக்குப் பிறகு எந்தத் தாளை வைத்துக்கொண்டு இங்கே இருப்பது என்று அமைப்புக் குழு இப்போதே உள்துறையிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.